மரமும் கரும்பலகையும்: நகர வடிவமைப்பில் கூட்டாகச் செயல்படும் செயற்கை நுண்ணறிவு

தாம்பரத்திற்குத் தெற்கே பெருங்களத்தூரை ஒட்டி அமைந்த பீர்க்கன்கரணை, 2021 நவம்பர் வரை தனிப் பேரூராட்சியாக இருந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் அவற்றை அடுத்திருந்த ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. உள்ளாட்சி எல்லைகள் இவ்வாறு ஒன்றாகிவிட்டன. ஆயினும் இங்கு ஒருவர் வீடு கட்ட முற்பட்டால், அவருடைய மனையைத் தொட்டுச் செல்லும் பொருள்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்தின் கோப்பில்தான் இருக்கின்றன. மனையின் பட்டாவும் புல வரைபடமும் வருவாய்த் துறையிடம்; திட்ட அனுமதி மாநகராட்சியிடமோ சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமோ. தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். அவ்வடிகால் போய்ச் சேர வேண்டிய அடையாறு நீர்வளத் துறையிடம். நடுவில் குறுக்கிடும் ஜி.எஸ்.டி. சாலை நெடுஞ்சாலைத் துறையினரிடம். மழைநீர் இவர்கள் அனைவருடைய எல்லைகளையும் ஒரே இரவில் கடந்துவிடுகிறது, கோப்புகள் கடப்பதில்லை. இத்தகைய ஓர் ஊரின் வடிவமைப்பில், கூட்டாகச் செயல்படும் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கு என்ன வேலை இருக்க முடியும், எந்த வேலையை அவற்றிடம் விடலாகாது என்பதே இவ்வுரையின் பொருள்.

கணினித் துறையினர் ஏஜென்ட் என்று வழங்கும் முகவர் என்பது, ஓர் இலக்கைக் கொடுத்துவிட்டால் அதை அடைவதற்கான படிகளைத் தானே வகுத்துக்கொண்டு, வரைபட மென்பொருள், விதித்தொகுப்பு, கணக்கீட்டு நிரல் போன்ற கருவிகளைத் தானே இயக்கி, கிடைத்த விளைவைப் பார்த்து அடுத்த படியை முடிவு செய்யும் நிரலாகும். கேட்ட கேள்விக்கு விடை சொல்லிவிட்டு நின்றுவிடும் உரையாடல் நிரலிலிருந்து இது வேறுபடுவது இந்தத் தொடர்ச்சியால்தான். இன்றைய முகவர்களில் பெரும்பாலானவை, ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகிய பெருமொழி மாதிரி ஒன்றை மூளையாகக் கொண்டு இயங்குகின்றன. அத்தகைய முகவர்கள் பலவற்றிற்குத் தனித்தனிப் பணிகளை ஒதுக்கி, ஒன்று விதிகளைச் சரிபார்க்க, ஒன்று தூண்களின் சுமையைக் கணக்கிட, ஒன்று வெயிலையும் காற்றையும் பார்க்க, ஒன்று செலவைக் கூட்ட என்று ஏற்பாடு செய்து, அவை தமக்குள் செய்தி பரிமாறி ஒரு வடிவமைப்பை எட்டச் செய்வதே கூட்டு முகவர் முறை எனப்படுகிறது. கட்டடக் கலைஞர், பொறியாளர், மேஸ்திரி, வீட்டுக்காரர் ஆகியோர் சேர்ந்து செய்யும் வேலைக்கு இம்முறை இயல்பாகப் பொருந்தும் என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஒரே மனைக்கு நூறு வரைபடங்களை நொடியில் தர முடியும் என்பதை விற்பனையாளர்கள் பெரிதாகச் சொல்கிறார்கள்; நூற்றில் எது சரி என்று தேர்வதே தொழிலாக உள்ள கட்டடக் கலைஞருக்கு அது அவ்வளவு பெரிய உதவி அன்று.

பல நிரல்கள் கூடி ஒரு சிக்கலைத் தீர்ப்பது என்ற எண்ணம் பெருமொழி மாதிரிகளோடு பிறந்ததன்று. அதன் வேர்களில் ஒன்று சென்னையோடு தொடர்புடையது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் சிவில் பொறியியல் பட்டம் பெற்றவரும், 1994ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டவருமான ராஜ் ரெட்டி, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1970களில் மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினி ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். அங்கு அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கிய ஹியர்சே-2 என்னும் அமைப்பில், ஒலிகளை அறிந்த நிரல், அசைகளை அறிந்த நிரல், சொற்களை அறிந்த நிரல், வாக்கிய இலக்கணத்தை அறிந்த நிரல் எனப் பல நிரல்கள் இருந்தன. அவற்றில் எதுவும் மற்றொன்றுக்கு நேரடியாக ஆணையிடவில்லை. எல்லாம் பொதுவான ஒரு நினைவிடத்தில் தத்தம் ஊகங்களை எழுதின. பிற நிரல்கள் எழுதியதைப் படித்தன. தமக்குத் தெரிந்ததைக் கொண்டு அந்த ஊகத்தை வலுப்படுத்தின அல்லது மறுத்தன. அந்தப் பொது இடத்திற்குக் கரும்பலகை என்றே பெயர் வைத்தார்கள். இம்முறையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே ஒலித்துண்டுக்கு ஒன்றோடொன்று போட்டியிடும் இரண்டு மூன்று ஊகங்கள் ஒரே நேரத்தில் பலகையில் இருக்கலாம். போதிய சான்று வரும்வரை எதையும் அழிக்க வேண்டியதில்லை.

1980இல் ரீட் ஸ்மித் என்பவர் முன்வைத்த ஒப்பந்த வலை முறை இதிலிருந்து வேறுபட்டது. அதில் ஒரு மேலாளர் நிரல் வேலையை அறிவிக்கும்; செய்யக்கூடிய நிரல்கள் ஒப்பந்தப்புள்ளி அளிக்கும்; பொருத்தமானதற்கு வேலை ஒப்படைக்கப்படும். வேலையைப் பெற்ற நிரல் அதை மேலும் பிரித்து உள் ஒப்பந்தத்திற்கும் விடலாம். இன்று கட்டட வடிவமைப்புக்கென்று அமைக்கப்படும் முகவர் கூட்டங்களில் பல இவ்வழியைச் சேர்ந்தவை: மேலே ஒரு தலைமை முகவர், அதன் கீழே துணை முகவர்கள், அவற்றின் கீழே சிறு பணிகள். அமைப்பதற்கு இதுவே எளிது. பெருநகர் ஒன்றை வடிவமைக்கும்போது இந்த எளிமையே எப்படி இடராகிறது என்பதை அறிவதற்கு, அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்தியக் கிராமம் ஒன்றைக் கணினியிடம் கொடுத்த நிகழ்வைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டடக் கலைஞரும் கணிதவியலாளருமான கிறிஸ்டபர் அலெக்சாண்டர், 1964இல் வெளியிட்ட வடிவத் தொகுப்பு பற்றிய தம் நூலின் பின்னிணைப்பில், குஜராத்தின் பவ்ரா என்னும் கிராமத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டார். அக்கிராமத்தின் தேவைகள் என்று 141 கூறுகளை அவர் பட்டியலிட்டார். இறந்தவர்களை அடக்கம் செய்தல், திருவிழாவுக்கு இடம், வீட்டு வாசல் தெற்கு நோக்காதிருத்தல், சில மரங்களும் நீர்நிலைகளும் புனிதமானவை என்ற எண்ணம், மாட்டுத் தீவனம், பாசனம் என்று அது நீள்கிறது. எந்தத் தேவை எந்தத் தேவையோடு பின்னியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு, அந்தப் பின்னலை மிகக் குறைவாக அறுத்து, தனித்தனியே தீர்க்கத்தக்க சிறு குழுக்களாகப் பிரிக்கும் வேலையை ஐ.பி.எம். கணிப்பொறியிடம் விட்டார். கால்நடையும் வண்டியும் எரிபொருளும் ஒரு பெருங்குழுவாகவும், வேளாண்மையும் பாசனமும் ஒன்றாகவும், ஊர்ப் பொதுவாழ்வு ஒன்றாகவும், குடும்பத்தின் தனிவாழ்வு ஒன்றாகவும் நான்கு பெரும் பிரிவுகள் கிடைத்தன. அவற்றுக்குக் கீழே பன்னிரண்டு சிறு பிரிவுகள். ஒவ்வொரு சிறு பிரிவுக்கும் ஒரு வரைவு, வரைவுகளைச் சேர்த்தால் ஊர். இன்று ஒரு தலைமை முகவர் தன் துணை முகவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதற்கு மிக நெருங்கிய முன்னோடி என்று இதைக் கூறலாம்.

அந்தப் பட்டியலின் தொடக்கத்திலேயே, தலித் மக்கள் தீண்டத்தகாதவர்களாகக் கருதப்படுகிறார்கள் என்பதும் கணக்கில் கொள்ள வேண்டிய ஒரு கூறாக எழுதப்பட்டிருக்கிறது. அலெக்சாண்டர் அதை ஆதரித்தார் என்று பொருளாகாது. கிராமத்தில் அவர் கண்டதை அவர் எழுதினார். ஆனால் கண்டது பட்டியலில் ஏறிய கணத்தில் தேவையாகிவிடுகிறது. கணினிக்கு அதுவும் பாசன வாய்க்காலும் ஒரே தகுதியுடைய இரண்டு எண்கள். சேரியையும் ஊரையும் பிரிக்கும் வெளியை இருக்கும் நிலைமை என்று ஏற்று, அதற்கேற்ற வடிவத்தைத் திறமையாகச் செய்து தர அந்த இயந்திரத்திற்கு எந்தத் தடையும் இருந்திராது. பழைய ஆவணங்களையும் பழைய நகரங்களையும் படித்துப் பழகிய இன்றைய முகவர்கள், யாரும் பட்டியலிடாமலேயே இத்தகைய கூறுகளை உள்ளே கொண்டுவருகின்றன என்பதால், இவ்வபாயம் 1964ஐவிட இன்று கூடுதலாகவே இருக்கிறது.

அலெக்சாண்டரே தம் முறையின் வேறொரு குறையை விரைவில் கண்டுகொண்டார். நகரம் மரமன்று என்று தலைப்பிட்ட 1965ஆம் ஆண்டுக் கட்டுரையில், கிளையிலிருந்து கிளை பிரிவதுபோல ஒவ்வொரு பகுதியும் ஒரே ஒரு மேற்பகுதிக்கு மட்டும் உட்பட்டதாக அமையும் நகரத் திட்டங்களை அவர் சாடினார். லெ கொர்பூசியே வடிவமைத்த சண்டிகரும் அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று. உயிருள்ள நகரத்தில் ஒரு பொருள் ஒரே நேரத்தில் பல குழுக்களைச் சேர்ந்திருக்கும் என்பதும், அந்த மேற்படிவுகள்தாம் நகரத்தின் உயிர் என்பதும் அவர் வாதம். பின்னாளில், 1971இல், வடிவமைப்பு முறை என்று ஒன்றைத் தனியே கற்பதையே அவர் நிராகரித்தார். அந்த அளவுக்குப் போக வேண்டிய தேவை இல்லை. ஆனால் மரவடிவ முகவர் கூட்டம் ஒன்றிடம் புறநகர் ஏரி ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவருடைய 1965ஆம் ஆண்டுக் கட்டுரையே போதிய எச்சரிக்கை. ஏரி, வெள்ளத் தடுப்புக்கும் உரியது, நிலத்தடி நீருக்கும் உரியது, கரையோர நடைபாதைக்கும் மீன்பிடிப்புக்கும் உரியது, சாலை விரிவாக்கத்திற்கு இடம் தேடுவோர் கண்ணுக்கும் உரியது. மரத்தில் அதற்கு ஒரே ஒரு கிளைதான் கிடைக்கும். பூங்கா முகவரின் கிளையில் அது தொங்கினால் கலங்கலின் உயரத்தைக் கேட்க யாருக்கும் தோன்றாது. அரசுத் துறைகள் பிரிந்திருக்கும் அதே முறையில் முகவர்களையும் பிரித்து வைத்தால், துறைகளுக்கிடையே விழுந்த அதே பொருள்கள் முகவர்களுக்கிடையேயும் விழும். ஒரே வேறுபாடு, இம்முறை அது மிக வேகமாக நடக்கும்.

இதை இவ்வட்டாரத்தின் வெள்ளத்தைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று, செம்பரம்பாக்கத்தில் 47. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து உச்சநிலையில் விநாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டதைச் சுற்றியே அன்றைய பேச்சும் பின்வந்த விவாதமும் பெரும்பாலும் அமைந்தன. ஆனால் அடையாறு ஆதனூர் ஏரிப் பக்கம் தோன்றி, வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வந்து, செம்பரம்பாக்கத்தின் உபரிநீரைத் திருநீர்மலை அருகில்தான் சந்திக்கிறது. முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் அந்தச் சந்திப்புக்கு மேலே இருப்பவை. அங்கு வீடுகளில் புகுந்த நீர், மேலேயுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும் அன்றிரவு அவ்விடத்திலேயே கொட்டிய மழையும்தான். செய்தித்தாள்களிலும் இணையத்திலும் அதிகமாகப் பேசப்பட்டதை அதிகமாகப் படித்த பெருமொழி மாதிரி ஒன்றிடம் முடிச்சூர் ஏன் மூழ்கியது என்று கேட்டால், அது செம்பரம்பாக்கத்தைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பே மிகுதி. தலைமை முகவர் அவ்விடையை ஏற்றுத் துணை முகவர்களுக்கு அனுப்பிவிட்டால், அதன் பிறகு வரும் வடிகால் கணக்கு ஒவ்வொன்றும் துல்லியமாகவும் தவறாகவும் இருக்கும். கரும்பலகை முறையிலோ, ஆற்றுப்படுகையின் சரிவை மட்டும் அறிந்த ஒரு சிறிய நிரல், கீழேயுள்ள நீர் மேலேயுள்ள ஊரை இவ்வளவு மூழ்கடிக்க முடியாது என்று பக்கத்திலேயே எழுதி வைக்க இடமிருக்கிறது. பெரிய முகவரைவிட அந்தச் சிறிய நிரலுக்குத்தான் இவ்வட்டாரத்தில் மதிப்பு அதிகம்.

2015 வெள்ளத்தின் பின் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் முயற்சியால், மும்பை ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி 2019இல் சென்னைக்கு வழங்கிய சி-ஃப்ளோஸ் வெள்ள எச்சரிக்கை அமைப்பு, முகவர் என்ற பெயரைத் தாங்கவில்லை. ஆனால் கூட்டு வேலையின் நல்ல மாதிரி. மழையை முன்கணிக்கும் மாதிரி, மழை நிலத்தில் எவ்வளவு ஓடும் என்று கணக்கிடும் மாதிரி, ஆற்றில் நீர்மட்டத்தைச் சொல்லும் மாதிரி, கடலின் ஓதத்தைச் சொல்லும் மாதிரி ஆகியவை தத்தம் அறிவியலோடு தனித்து நின்று, எண்களை மட்டும் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றில் எதுவும் இனிமையாகப் பேசுவதில்லை. எனவே எதுவும் மற்றொன்றைப் பேச்சால் மயக்குவதுமில்லை. பெருமொழி மாதிரி முகவர்களைச் சேர்க்கும்போது இந்த ஒழுக்கத்தை இழந்துவிடக் கூடாது. அவற்றிடம் காணப்படும் நோய்களில் தலையாயது உடன்பாட்டு நோய்: ஒரு முகவர் உறுதியான தொனியில் எழுதினால் மற்றவை தலையாட்டுகின்றன. மேலும், ஒரே மாதிரியின் மேல் ஐந்து பெயர்ப்பலகைகளை மாட்டி, நீர் முகவர், சாலை முகவர், செலவு முகவர் என்று அழைத்தால் ஐந்து கருத்துகள் கிடைத்துவிடா. ஒரே கருத்து ஐந்து குரலில் கிடைக்கும். ஐந்தும் ஒத்துக்கொண்டன என்பதைச் சான்றாகக் கோப்பில் எழுதுவது ஏமாற்றாகவே முடியும்.

பெரும் திட்டங்களை விட்டு, பீர்க்கன்கரணையின் உட்தெரு ஒன்றில் ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொண்டால் முறையின் வலிமையும் குறையும் இன்னும் தெளிவாகும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஏறத்தாழ 223 சதுர மீட்டர். 2015இல் பெய்த 49 சென்டிமீட்டர் மழை அம்மனைமீது மட்டும் விழுந்தால் அது சுமார் 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பது. விதி முகவர் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பார்த்து, 18.30 மீட்டர் உயரத்திற்கு மேற்படாத கட்டடத்திற்குத் தளப்பரப்புக் குறியீடு 2 என்றும், அதாவது எல்லாத் தளங்களையும் கூட்டினால் 4,800 சதுர அடி வரை கட்டலாம் என்றும் சொல்லும். விட வேண்டிய பக்க வெளிகளையும், 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர் சேகரிப்பையும் சேர்க்கும். செலவு முகவர் தரையைத் தாழ்வாக வைக்கச் சொல்லும், மண் நிரப்பும் செலவு மிச்சம் என்பதால். நீர் முகவர் தரையைத் தெருவைவிட மூன்று அடி உயர்த்தச் சொல்லும். சாலை முகவர் ஒன்று இருந்தால், பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டு உயரும் தெருவின் மட்டம் இன்னும் சில ஆண்டுகளில் எங்கே நிற்கும் என்று கணக்கிட்டு, மூன்று அடி போதாது என்னும். சுரண்டியே போட வேண்டும் என்று அரசு 2021இல் அறிவுறுத்தியிருப்பதை நினைவூட்டி விதி முகவர் அதை மறுக்கும். இந்த வாக்குவாதம் அத்தனையும் பயனுள்ளது. அனுபவமுள்ள ஒரு பொறியாளர் மனத்தில் ஓடுவதைத் தாளில் கொண்டுவருகிறது. வீட்டுக்காரரும் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் தரை மூன்று அடி உயர்ந்து, மனை முழுவதும் சிமென்ட் போடப்பட்டால், அந்த ஒன்பது லாரி நீரில் பெரும்பகுதி, முன்பே தாழ்வாகக் கட்டப்பட்ட பக்கத்து வீட்டின் முற்றத்தில் போய் இறங்கும். மேற்சொன்ன முகவர்களில் எதற்கும் அது கணக்கில் வராது. எல்லாம் ஒரே உரிமையாளருக்காக, ஒரே மனையின் எல்லைக்குள் வேலை செய்பவை. பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வாடிக்கையாளரே இல்லை. இந்த முறையில் மனைக்கு மனை மிகச் சிறந்த வீடுகளையும், அவற்றைச் சேர்த்தால் மிக மோசமான ஒரு தெருவையும் வடிவமைத்துவிட முடியும்; உண்மையில் எந்தச் செயற்கை நுண்ணறிவும் இல்லாமலேயே புறநகர் முழுவதும் அப்படித்தான் கட்டப்பட்டு வந்திருக்கிறது. கூட்டு முகவர்களால் புதிதாக ஏதேனும் செய்ய முடியுமென்றால், அது இந்த இடத்தில்தான் செய்யப்பட வேண்டும்: கரும்பலகையைத் தனி மனைக்கு வைக்காமல், ஒரு தெருவுக்கோ ஒரு வடிகால் பரப்புக்கோ வைப்பது.

அப்படி ஒரு பொதுப் பலகையை வைப்பதற்கு வேண்டிய அடித்தளம் பகட்டில்லாதது. 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். எனப்படும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய ஆவணங்களில் பரப்பு ஏக்கரிலும் சென்ட்டிலும் இருக்கிறது, பிந்தைய பட்டாவில் ஹெக்டேரிலும் ஏரிலும், கிரயப் பத்திரத்தில் சதுர அடியில், வரைபடத்தில் மீட்டரில். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதை எந்த முகவரும் அறியும். ஆனால் பத்திரத்தில் உள்ள பரப்புக்கும் புல வரைபடத்தில் உள்ள பரப்புக்கும் வேறுபாடு வரும்போது எது செல்லும் என்பதைக் கணக்கால் தீர்க்க முடியாது. நில அளவர் வந்து சங்கிலியையோ கருவியையோ பிடிக்க வேண்டும். மட்டங்களும் அவ்வாறே. வெள்ளக் கணக்கு கடல் மட்டத்திலிருந்து உயரத்தைச் சொல்கிறது. தெருவில் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர், அருகிலுள்ள ஒரு படிக்கட்டையோ மதகையோ தற்காலிகக் குறியாகக் கொண்டு மட்டம் பார்க்கிறார். இவ்விரண்டையும் இணைக்காத பலகையில் நீர் முகவரும் சாலை முகவரும் எழுதும் எண்கள் ஒன்றையொன்று சந்திக்கவே மாட்டா. ஆனால் பார்வைக்குச் சந்திப்பதுபோலத் தோன்றும். சி.எம்.டி.ஏ.வின் எல்லை 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. 2008இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலமும் 2026ஓடு முடிகிறது. அடுத்த திட்டத்திற்கு மிக நவீன முகவர்களை வாங்குவதைவிட, தெருவுக்கு ஒரு நிலையான மட்டக்குறியை நடுவது கூடுதல் பயன் தரும் என்று சொன்னால் அது பிற்போக்காகக் கருதப்படலாம். செலவு எப்படியும் குறைவு.

குடிமக்களையே முகவர்களாகச் செய்து பார்க்கும் முயற்சி இத்துறையில் இன்று மிகுந்த ஆர்வத்தை ஈர்க்கிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் கணினிக்குள் ஒரு சிற்றூரைப் படைத்து, அதில் 25 பாத்திரங்களைக் குடியேற்றி, அவை எழுந்து, வேலைக்குப் போய், ஒன்றோடொன்று பேசி, செய்தியைப் பரப்புவதைக் காட்டினார்கள். 2024இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெய்ஜிங்கின் இரண்டு பகுதிகளுக்கு, திட்டமிடுபவர் பாத்திரத்தில் ஒரு முகவரையும் குடியிருப்பாளர் பாத்திரங்களில் பல முகவர்களையும் வைத்து நிலப் பயன்பாட்டைப் பேசித் தீர்க்கச் செய்தார்கள். சிலர் பேசப் பலர் சுற்றியிருந்து கேட்கும் மீன்தொட்டி விவாத முறையைப் பயன்படுத்தி, பேச்சின் நீளத்தைக் கட்டுக்குள் வைத்தார்கள். ஆய்வாக இது சுவையானது. ஒரு திட்டத்தை மக்கள்முன் வைப்பதற்கு முன்னால், முதியோர், சக்கர நாற்காலியில் செல்வோர், இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்கள் ஆகியோர் என்ன கேட்கக்கூடும் என்று வடிவமைப்பாளர் தம்மைத் தயார்ப்படுத்திக்கொள்ள இது உதவும்.

அதற்கு மேல் இதை அனுமதிப்பது தவறு. தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நடத்தப்பட்டன. அவற்றுள் பம்மலில், இதே தாம்பரம் மாநகராட்சிக்குள், நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அத்தகைய கூட்டத்திற்கு வருபவர் ஒருவர், எந்தத் தரவிலும் இல்லாத செய்தியைக் கொண்டுவருகிறார்: எந்த வடிகால் கட்டி முடிக்கப்பட்டும் ஆற்றோடு இணைக்கப்படவில்லை, எந்தத் தெருவில் பம்பு செட் வைத்தால்தான் நீர் வடிகிறது, யார் வாய்க்கால்மீது படி கட்டியிருக்கிறார். கற்பனைக் குடியிருப்பாளர், குடியிருப்பாளர்கள் பொதுவாகச் சொல்வதைச் சொல்லும். குறிப்பாக இந்தத் தெருவில் இருப்பவர் சொல்வதைச் சொல்லாது. அதோடு, கற்பனைக் குடியிருப்பாளர் எதிர்த்து வழக்குப் போடாது. சில திட்டங்களுக்கு அது மிகவும் விரும்பத்தக்க பண்பாகத் தெரியும் என்பதாலேயே இவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. இதில் இன்னொரு தரப்பையும் சொல்லிவிடலாம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் சாலையை முதலை ஒன்று நிதானமாகக் கடந்து சென்றதைக் காணொளியில் நாடே பார்த்தது. எந்த முகவர் கூட்டத்திலும் அதற்கு இருக்கை ஒதுக்கப்பட்டிருக்காது. வண்டலூர், நெடுங்குன்றம் பக்கம் திட்டமிடுபவருக்கோ அதுவும் ஒரு குடியிருப்பாளர்தான்.

துறைகளுக்கிடையிலான இணைப்பின்மைக்குக் கிளாம்பாக்கம் அண்மைக்கால எடுத்துக்காட்டு. 2023 டிசம்பர் 30இல் அங்குப் புறநகர்ப் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, தண்டவாளம் அருகிலேயே ஓடியும், அங்கு ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி வர வேண்டியிருந்தது. இதைக் கண்டறிய எந்த நுண்ணறிவும் தேவைப்படவில்லை. மூட்டையோடு நின்ற பயணிகள் முதல் நாளே கண்டறிந்தார்கள். முனையத்தைக் கட்டியது சி.எம்.டி.ஏ., நிலையம் அமைக்க வேண்டியது ரயில்வே. இரண்டு நாட்காட்டிகள் பொருந்தவில்லை என்பதை ஒரு முகவர் கூட்டம் மிக முன்னதாகவே பலகையில் சிவப்பாகக் காட்டியிருக்கக்கூடும். சிவப்பைக் கண்டு யார் எதை நிறுத்தி வைப்பது என்பதை அது முடிவு செய்திருக்க முடியாது. முரண்பாட்டைக் காட்டுவது வேறு, தீர்ப்பது வேறு. முதல் வேலைக்கு முகவர்கள் மிகத் தகுதியானவை. களைப்பில்லாமல், முகத்தாட்சணியம் இல்லாமல், எந்தக் கோப்பு எந்தக் கோப்போடு மோதுகிறது என்று அவை சொல்லும். இரண்டாம் வேலைக்குப் பதவியும் பொறுப்பும் உள்ள ஒருவர் வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டம் இப்போதைக்குத் தெளிவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி பதிவு பெற்ற ஒருவரோ, விதிகள் ஏற்கும் பொறியாளரோதான் வரைபடத்தில் கையொப்பமிட முடியும், முகவர் கையொப்பமிடாது. தமிழ்நாடு அரசு 2020இல் வெளியிட்ட பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையும், இத்தகைய அமைப்புகளைப் பொதுப் பயன்பாட்டிற்குக் கொண்டுவருமுன் வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, நியாயம் முதலியவற்றில் மதிப்பிட ஒரு மதிப்பெண் அட்டையை முன்வைத்தது. ஆனால் நடைமுறையில் கையொப்பம் எவ்வளவு கனமானது என்பது, கையொப்பமிடுபவர் எதைப் பார்த்துவிட்டு இடுகிறார் என்பதைப் பொறுத்தது. முடிந்த வரைபடத்தை மட்டும் பார்ப்பவர், முகவர்கள் நடுவில் எதைக் கைவிட்டன என்பதை அறியார். ஹியர்சே-2இன் பலகையில் தோற்ற ஊகங்களும் இடம்பெற்றதுபோல, வடிவமைப்புக் கோப்பிலும் தோற்ற யோசனைகள், அவற்றைச் சொன்ன முகவர், மறுத்த காரணம், அப்போது கையிலிருந்த மட்ட அளவின் நாள் ஆகியவை இடம்பெற வேண்டும்; வெள்ளம் வந்த பின் எங்கே பிழை நேர்ந்தது என்று தேடுபவருக்கு அந்தப் பக்கங்கள்தாம் முதலில் வேண்டியிருக்கும்.

இதை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு விடை பெருந்திட்டங்களில் இல்லை. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த சுயசான்று முறைப்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர், உரிமையாளரின் உறுதிமொழியின்பேரில் இணையவழியே உடனடியாக அனுமதி பெறலாம். மக்களின் அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு அது. அதே வேளையில், ஒரு கிரவுண்டு வீட்டின் வரைபடத்தை அனுமதிக்குமுன் ஓர் அலுவலர் பார்ப்பது என்ற படி அதனால் நீங்கிவிடுகிறது. பீர்க்கன்கரணையின் உட்தெருக்களில் எழும் வீடுகளில் பெரும்பகுதி இந்த அளவிற்குள் அடங்குபவை. இவற்றின் வரைபடங்களை நாளை முகவர்கள் தயாரிக்கத் தொடங்கினால், விண்ணப்பத்தோடு அவற்றின் பலகைப் பதிவையும் இணைக்கச் சொல்வதற்கு இணையதளத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டினால் போதும். அதில் கட்டாயமாக நிரப்ப வேண்டிய முதல் எண்ணாக, இருபுறமும் உள்ள வீடுகளின் தரைமட்டத்தைக் கேட்கலாம்.